ஒன்பது வார்த்தை

ஜூலைக் கடைசியில் வடக்குக் காற்று நான்கு நாள் ஓய்ந்திருந்தது. அந்த இடைவெளியில் தெல்ஃபின் ஒயார்சோ தன் வீட்டுப் புகைக்கூண்டுக்கும் எங்கள் வேலியோரம் நிற்கும் சைப்ரஸ் கம்பத்துக்கும் நடுவே ரேடியோ ஏரியலுக்காகச் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். அவர் கூரை மேல் நின்றார். நான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி சுனில்டா சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எழுபத்தோரு வயசுல கூரை மேல என்னய்யா ஆட்டம்? விழுந்தா அள்ளிப் போட என்னால ஆகாது. வால்டோ, அந்தக் கிழவரைக் கீழ இறக்கு."

"கயித்தை விட்டா தானா இறங்கிருவாரு, அக்கா."

"விட்டுராதடா பாவி!" என்றார் தெல்ஃபின். "பெட்டியை எடு, பெட்டியை எடுன்னு ஆறு மாசமா உசிரை வாங்கினது யாரு? அதைக் கேளு அவகிட்ட."

அது உண்மைதான். மீன்பிடிப் படகுகளின் டைனமோவும் ஸ்டார்ட்டரும் பழுது பார்த்துக்கொண்டிருந்த பட்டறையை மூடிய பிறகு, தெல்ஃபின் காலை முதல் மாலை வரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்தார். அது சுனில்டாவுக்குப் பொறுக்கவில்லை. விறகுக் கொட்டகையில் தார்ப்பாய் சுற்றிக் கிடந்த ரேடியோப் பெட்டியை அவளே தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "இதோட பேசு. கடல் பதில் சொல்லாது," என்றாளாம்.

அவர் காஸ்ட்ரோ நகரத்துக்குப் போய், பேரன் வயதுப் பையன்களோடு பரீட்சை எழுதி, ஹாம் ரேடியோ உரிமத்தைத் திரும்ப வாங்கினார். முப்பத்திரண்டு வருஷம் தூங்கிய பெட்டிக்கு முழு மின்சாரத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் உள்ளே இருப்பது வெடித்துவிடும். வழியில் ஒரு நூறு வாட் குண்டு பல்பைக் கட்டி, கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது. மங்கினால் பெட்டி பிழைத்தது என்று அர்த்தம். வால்வுகள் சிவந்தன. சூடான தூசி வாசனை வீடெல்லாம் பரவியது. தெல்ஃபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊரான அச்சாவோவில் ஐம்பது வயது தாண்டிய எல்லோருக்கும் அந்தப் பெட்டியைத் தெரியும். எங்கள் தீவின் ஆண்கள் அக்டோபர் பிறந்ததும் அர்ஜென்டினாப் பக்கம் ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போய்விடுவார்கள், ஜனவரியில்தான் திரும்புவார்கள். அங்கே பண்ணைகளில் தொலைபேசி கிடையாது. இங்கே ஊருக்கு ஒன்று இருந்தது, அதுவும் பாதி நாள் ஊமை. பிள்ளை பிறந்தாலும் படகு கவிழ்ந்தாலும் சேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தெல்ஃபினிடம் கொடுப்பார்கள். எழுதுகிறவர்தான் வார்த்தைகளை எண்ணி மேலே எண்ணைப் போட வேண்டும். தெல்ஃபின் முதலில் எண்ணைச் சொல்லுவார், பிறகு சேதியைச் சொல்லுவார். ரியோ காயேகோஸ் நகரத்தில் ஃபெர்மின் பெர்கரா என்பவர் அதைக் கேட்டு எழுதி எண்ணிப் பார்ப்பார். எண் பொருந்தினால் பண்ணைக்கு அனுப்புவார், பொருந்தாவிட்டால் திருப்பிக் கேட்பார். இதில் காசு வாங்கும் வழக்கம் கிடையாது. வார்த்தையைத் தொடும் வழக்கமும் கிடையாது. இன்றைக்கும் எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு முக்கியமான விஷயம் பேசும்போது விரல்கள் தாமாக மடங்கும்.

எண்பத்து நான்காம் வருஷக் கடைசியில் தெல்ஃபின் ஏரியலை இறக்கிவிட்டார். ஈரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று சொன்னார். நாங்களும் நம்பினோம்.

தினமும் காலை எட்டரைக்குப் புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து தெற்கு முனை வரை உள்ள ரேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் முறை வைத்துப் பேசுவார்கள். மழை, முழங்கால் வலி, யார் செத்தார் என்பதுதான் பேச்சு. தெல்ஃபின் தன் அழைப்புக் குறியைச் சொன்னதும் நடத்துகிறவர் குறுக்கிட்டார்.

"அந்தக் குறிக்காரர் செத்து இருபது வருஷம் ஆச்சே. நாங்க ஒரு நிமிஷம் மௌனம்கூட இருந்தோம். யாருய்யா நீங்க? ஓவர்."

"செத்தவன்தான் பேசறேன். இங்கயும் மழைதான். ஓவர்."

அலைவரிசை முழுக்கச் சிரித்தது. அன்றைக்குச் சுனில்டாவும் சிரித்தாள். "அந்த ஆளுங்க பேசறது எனக்கும் கேக்கணும்," என்றாள். தெல்ஃபின் சுவரில் துளை போட்டு ஒயர் இழுத்து, சமையலறை அலமாரி மேல் ஒரு ஸ்பீக்கரை வைத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் மழை திரும்ப வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அடுப்பில் கடற்பாசி போட்ட கறி கொதித்துக்கொண்டிருந்தது. தெல்ஃபினின் கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டவர், வாயைக் கையால் மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"கரினா பேசறா. உன் அண்ணன் மக."

"எனக்கு அண்ணனே கிடையாது."

"நில்டா, அர்னோல்டோ ஆஸ்பத்திரியில இருக்கானாம். நுரையீரல் போயிடுச்சாம். மூஞ்சில மாஸ்க் போட்டிருக்காங்களாம். உன் பேரைச் சொல்றானாம்."

சுனில்டா கரண்டியால் கறியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "நல்லா வைத்தியம் பாக்கச் சொல்லு. வேற என்ன சொல்றது?"

அவர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். அவர் உட்கார்ந்ததும் அவள் என் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள்.

"நீயே சொல்லு வால்டோ. எங்கம்மா சாகக் கெடந்தப்ப நான் எழுதின சேதியை இன்னைக்கும் எழுத்து மாறாம சொல்வேன்." விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "'அம்மா படுத்த படுக்கை. மருத்துவர் நாள் குறித்துவிட்டார். உடனே கிளம்பி வா.' ஒன்பது வார்த்தை. என் கையால எண்ணி மேல ஒன்பதுன்னு போட்டேன். நாலாம் நாள் அம்மா போயிட்டா. வந்தானா? அடக்கம் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு ஒரு கடுதாசி வருது. 'நீ என்னைக் கூப்பிடவே இல்லை'ன்னு. வராததுகூடப் போகட்டும்டா. பொய் சொல்றான் பாரு, அம்மா சாவுல! இதே அடுப்புல போட்டுக் கொளுத்தினேன் அந்தக் கடுதாசியை."

"ஒருவேளை சேதி போய்ச் சேரலையோ என்னமோ," என்றேன்.

"ஏன் சேராது? இந்த மனுஷன்தானே அனுப்பினார். அன்னைக்கே கேட்டேனே, அனுப்பினியான்னு. அனுப்பிட்டேன்னார். ஏன்யா, அனுப்பினியா இல்லையா?"

"அனுப்பினேன்," என்றார் தெல்ஃபின்.

"கேட்டுக்கோ."

"இருந்தாலும் போய்ப் பாத்துட்டு வாயேன் நில்டா," என்றார் அவர், மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டே. "சாகக் கெடக்கற மனுஷன். மனசுல எதுவும் வெச்சுக்க வேண்டாம்."

"மன்னிப்புக் கேக்கட்டும், போறேன். பொய் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நடந்தேகூடப் போறேன்."

தெல்ஃபின் சாப்பிடாமல் எழுந்து மழையிலேயே கொட்டகைக்குப் போனார். விறகு பிளக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கொட்டகையில் ஏற்கெனவே இரண்டு குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு பிளந்து கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நான் ஈஸ்ட் கேட்கப் போயிருந்தேன். சுனில்டா மில்காவோ என்ற கிழங்கு அடைக்காக உருளைக்கிழங்கைத் துருவித் துணியில் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள். மாவுத்தண்ணீர் கிண்ணத்தில் வெள்ளையாகச் சொட்டியது. அலமாரி மேல் ஸ்பீக்கரில் வழக்கமான குரல்கள். யாரோ தன் நாய்க்குச் சிரங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வயதான குரல், அர்ஜென்டினாக்காரர்களின் இழுவையோடு நுழைந்தது.

"ஒயார்சோ திரும்பி வந்துட்டான்னு கேள்விப்பட்டேன். அடே கெழவா, நெசமாவே உயிரோடதான் இருக்கியா? ஃபெர்மின் பேசறேன். எண்பத்தி நாலு வயசு. காது ஒண்ணுதான் வேலை செய்யுது. ஓவர்."

"கேக்குது ஃபெர்மின்," என்றார் தெல்ஃபின். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலி கிறீச்சிட்டது. "நல்லா கேக்குது. ஓவர்."

"உனக்காக நேத்தெல்லாம் பரண்ல ஏறித் தேடி ஒரு சாமான் எடுத்து வெச்சிருக்கேன். எண்பத்தி நாலாம் வருஷத்துப் பதிவேடு. நாம கடைசியாச் சேதி பரிமாறினதைப் படிக்கறேன், எல்லாரும் கேளுங்கப்பா. நவம்பர் பதினாலு, சாயங்காலம் ஆறு நாப்பது. சத்தம் தெளிவு. சேதி ஒண்ணு, அர்னோல்டோ மன்சீயாவுக்கு. தலைப்புல ஒன்பது வார்த்தை. வந்தது எட்டு. திருப்பிக் கேட்டேன். எட்டுன்னு திருத்திக்கோன்னு நீ சொல்லியிருக்கே. உன்கிட்ட நூத்துக்கணக்குல சேதி வாங்கியிருக்கேன் தெல்ஃபின், எண்ணிக்கை பொருந்தாதது இது ஒண்ணுதான். அதான் ஓரத்துல நட்சத்திரம் போட்டு வெச்சிருக்கேன். பரிசு எப்படி? ஓவர்."

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். நடத்துகிறவர் இரண்டு தடவை, "அச்சாவோ, கேக்குதா?" என்று கூப்பிட்டார்.

சுனில்டாவின் கை துணியைப் பிடித்தபடி நின்றது. பிறகு துணியைக் கிண்ணத்தில் விட்டாள். மாவு ஒட்டிய விரல்களை விரித்து, ஒவ்வொன்றாக மடக்கினாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஒன்பதாவது விரல் மடங்கியதும் கையைப் பார்த்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனாள். நான் கதவருகில் நின்றுவிட்டேன். போய்விடலாம் என்று தோன்றியது.

"எட்டா?" என்றாள்.

தெல்ஃபின் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னே அவர்கிட்ட? சொல்லு. அந்த எட்டைச் சொல்லு."

அவருக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. "'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கவலைப்பட வேண்டாம். வேலையை முடித்துவிட்டு வா.'"

"இது நான் எழுதினதா?"

"இல்லை."

"பின்ன யார் எழுதினது?"

"நில்டா, அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அவனைக் கூப்பிட்டோம். ஞாபகம் இருக்கா? ரெண்டு தடவையும் உங்கம்மா எழுந்து உக்காந்து மாத்தே தேநீர் கேட்டா. ரெண்டாவது தடவை வேலையைப் பாதியில விட்டுட்டு வந்தான்னு அவனைக் கத்தரிக்கிற குழுவிலேருந்தே எடுத்துட்டாங்க. படகுத்துறையில அத்தனை பேர் பாக்க என் சட்டையைப் பிடிச்சு, உன் பெட்டி பொய் சொல்லுது, இனிமே உன் குரலை நம்பினா நான் மனுஷனில்லைன்னான். மூணாவது தடவை நீ காகிதத்தைக் கொண்டாந்து குடுத்தப்ப... இந்தத் தடவையும் எழுந்துருவான்னு நெனச்சேன்."

"நெனச்சியா."

"ஆமா."

"நீ யாரு நெனைக்க? டாக்டரா? பாதிரியாரா? நீ கம்பி. கூரை மேல போகுதே, அந்தக் கம்பி. கம்பி நெனைக்குமாய்யா?"

அவர் மைக்கை மேசையில் வைத்தார்.

"சரி, அன்னைக்குத் தப்புப் பண்ணிட்டே. தப்புப் பண்ணாத மனுஷன் கிடையாது. கடுதாசி வந்தப்ப எங்க இருந்தே? நான் படிச்சுக் காட்டினேனே. அவனைத் திட்டினேனே. நீ பக்கத்துல உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தே."

"சொல்லியிருக்கணும்."

"முப்பத்திரண்டு வருஷம். எங்கண்ணன் கல்யாணத்துக்கு நான் போகல. கரினா பொறந்ததை மூணாம் மனுஷர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். நேத்து முந்தா நாள்கூட வாய் வந்துச்சே உனக்கு, மனசுல எதுவும் வெச்சுக்காதேன்னு சொல்றதுக்கு."

"தெனமும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன் நில்டா. நாள் ஆக ஆக..."

"பேசாதே."

அவள் சமையலறைக்கு வந்து கையைக் கழுவித் துடைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள். ஒரு வார்த்தையை அடித்தாள், இன்னொன்றை எழுதினாள். எண்ணினாள். மேலே எண்ணைப் போட்டாள்.

"அக்கா, கரினாவுக்கு போன் பண்ணினா இப்பவே காதுல வெச்சுச் சொல்லிடுவா," என்றேன்.

"வேணாம். எந்த வழியில போகும்போது கெட்டுச்சோ, அந்த வழியிலேயே சரியாப் போகணும்."

காகிதத்தைத் தெல்ஃபின் முன்னால் வைத்தாள். அவர் படித்தார். அலைவரிசையில் அந்த நேரத்தில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். முந்தின வாரம் அவர் உயிரோடு வந்ததைக் கேட்டுச் சிரித்த அதே முப்பது பேர்.

"எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க நில்டா."

"கேக்கட்டும். உங்க வழக்கம் அதுதானே? அன்னைக்கும் கேட்டாங்க."

அவர் மைக்கை அழுத்தினார். தெளிவாகத்தான் சொன்னார். "ஃபெர்மின். சேதி ஒண்ணு இருக்கு. அர்னோல்டோ மன்சீயாவுக்கு. காயேகோஸ் ஆஸ்பத்திரி. ஒன்பது வார்த்தை. ஆரம்பிக்கறேன்." சுனில்டா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விரல் மடங்கியது.

"'அண்ணா, அன்று செய்தியை மாற்றியவர் தெல்ஃபின். நான் கூப்பிட்டிருந்தேன். புறப்பட்டுவிட்டேன். காத்திரு.' முடிஞ்சது. ஓவர்."

ஃபெர்மின் அதே வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். "ஒன்பது. பொருந்துது," என்றார். "யார்கிட்டயும் குடுக்க மாட்டேன் சுனில்டாம்மா. நானே எடுத்துட்டுப் போறேன். ஓவர்."

நடத்துகிறவர், "அடுத்து ஐசென், மழை எப்படி?" என்றார்.

அப்போது நான் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். காஸ்ட்ரோவிலிருந்து தெற்கே போகும் வண்டி மறுநாள் காலைதான் இருந்தது. முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம், அர்ஜென்டினா வழியாகச் சுற்றிக்கொண்டு. ஜன்னல் ஓரமாகச் சீட்டுப் போட்டுக் கொடுத்தேன். அவள் கைபேசி எல்லைக்கு அப்பாலும் வேலை செய்யும்படி செய்து கொடுத்தேன். அன்று பிழிந்து வைத்த கிழங்கையே பிசைந்து மில்காவோ சுட்டு, துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்திருந்தாள். தெல்ஃபின் பையைத் தூக்கிக்கொண்டு வண்டி வரை வந்தார். அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

"நானும் வரட்டுமா?"

"நீ பெட்டிகிட்ட உக்காரு. பதில் வந்தா சொல்லு. வந்ததை வந்தபடி சொல்லு."

புதன்கிழமை எட்டரைக்கு ஃபெர்மின் வந்தார். சேதியை இரண்டு தடவை படித்துக் காட்டினாராம். அர்னோல்டோ மாஸ்க்கை விலக்கச் சொல்லி, பதிலைச் சொல்லி எழுத வைத்தாராம். நான்கு வார்த்தை: 'காத்திருக்கிறேன். மில்காவோ கொண்டு வா.' தெல்ஃபின் உடனே கைபேசியில் கூப்பிட்டார். அவள் அப்போது சக்காவோ கால்வாயைக் கடக்கும் படகில் இருந்தாள். காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவள் சிரித்தது எனக்குக்கூடக் கேட்டது.

"கொண்டுதான் போறேன்," என்றாள். அவரிடம் அவள் அப்படிச் சாதாரணமாகப் பேசியது முந்தின நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவர் அன்று வயிறாரச் சாப்பிட்டார், விறகு பிளக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ரொட்டி எடுத்துக்கொண்டு போனபோது அவர் கைபேசியைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தார். கரினாவின் அழுகை வெளியே கேட்டது.

"அத்தைகிட்ட இப்பச் சொல்லாதீங்க மாமா. தனியா வர்றாங்க. இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கு. அப்பா அப்படியே இருக்காருன்னு சொல்லிடுங்க. நான் பஸ் ஸ்டாண்டுல கட்டிப் பிடிச்சுச் சொல்லிக்கறேன்."

அவர் கைபேசியை மேசையில் வைத்தார். அடுப்பு அணைந்திருந்தது.

"அந்தப் பொண்ணு சொல்றது சரிதான் தெல்ஃபின் ஐயா," என்றேன். "வழியில வெச்சுச் சொல்லி என்ன ஆகப் போகுது? யாருமில்லாத ஊர். வண்டியில நாற்பது பேர் அந்நிய ஆளுங்க. போய்ச் சேரட்டுமே."

"நானும் அன்னைக்கு இப்படித்தான் நெனச்சேன் வால்டோ. நல்ல மனசோடதான் நெனச்சேன்."

மேசை இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்தார். நேற்றைய ரொட்டிக் காகிதத்தின் ஓரத்தில் எழுதினார். எண்ணி, மேலே எண்ணைப் போட்டார். வண்டி கொமொடோரோ நிலையத்தில் அரை மணி நேரம் நிற்கும் என்று சொல்லியிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்து அழைத்தார். சத்தம் எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியை மேசையில் வைத்தே பேசினார்.

"நில்டா."

"சொல்லு. கழிவறைக்கு வரிசையில நிக்கறேன். இங்க என்னா குளிர்! என்ன சொன்னான்?"

தெல்ஃபின் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் இடைவெளி விட்டு, ரேடியோவில் படிப்பது போலவே படித்தார்.

"'அண்ணன் காலை ஆறுமணிக்கு இறந்துவிட்டார்.'"

அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ ஊருக்குப் போகும் வண்டி கிளம்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. காகிதத்தில் விரலை வைத்தபடியே இருந்தார்.

"மேல எத்தனை போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"நாலு."

அவள் எண்ணுவதற்கு ஆகும் நேரம் ஆயிற்று.

"நாலுதான்," என்றாள்.